"இதுகூடத் தெரியாதா?": முதல் நர்ஸ் வேலை, வாசகர் கேள்வி பதில்

முதல் வேலையில் சந்திக்கும் சிக்கல்களை எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் நர்சுகளின் கடிதங்கள் மட்டுமே ஒரு தனிக்கட்டாகச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கு. வார்டில் பல வருஷம் நின்று, அப்புறம் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எழுதியவர் யார், எந்த ஆஸ்பத்திரி என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எல்லாம் எடுத்துவிட்டேன்.

கேள்வி: நர்சிங் முடித்து மெடிக்கல் வார்டில் சேர்ந்து சில மாதம் ஆகிறது. என்னைத் தவிர எல்லாரும் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவமுள்ள அக்காக்கள். அவர்கள் மருந்து கொடுத்து, சார்ட் எழுதி முடிக்கும்போது நான் பாதியில்தான் நிற்கிறேன். சந்தேகம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா? காலேஜ்ல என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க?" என்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் கேட்பதையே குறைத்துவிட்டேன். டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ?

பதில்: லாயக்கா இல்லையா என்பதை இப்போது விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் போகிறபோக்கில் "கேட்பதையே குறைத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலையாக இருப்பது அதுதான். மெதுவாக வேலை செய்கிற புது நர்சால் வார்டுக்குக் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். கேட்காமல் வேலை செய்கிற புது நர்சால் நோயாளிக்கு ஆபத்து வரலாம். உங்களிடம் கடுகடுப்பாகப் பேசுகிற அக்காவுக்கும் இது நன்றாகத் தெரியும்.

இந்தத் திணறல் உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்தது இல்லை. மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் 1974-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதி, "ரியாலிட்டி ஷாக்" என்று பெயரும் வைத்துவிட்டார். படிக்கும்போது ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு காலை முழுக்க அவருக்கே கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதியிருப்போம். வேலைக்கு வந்தால் ஒருவருக்கு டிரிப் முடியப்போகிறது, இன்னொருவரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும், மூன்றாவது பெட்காரரின் மகன் வந்து ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று நிற்கிறார், எல்லாம் அதே பத்து நிமிஷத்தில். அந்த நேரத்தில் தடுமாறுகிறவர் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். இதற்குப் பிறகு 1980-களில் பாட்ரீசியா பென்னர் என்ற இன்னொரு அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் நர்சுகளின் திறமை எப்படி வளர்கிறது என்பதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். அவர் கணக்குப்படி, முன்பின் எது என்று தானே திட்டம்போட்டு ஷிப்டை நடத்துகிற நிலை மூன்றாவது படி. ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று வருஷம் நின்ற பிறகுதான் அது வரும் என்கிறார். நீங்கள் சில மாதத்திலேயே பத்து வருஷக்காரரோடு உங்களை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

சரி, கேட்பது எப்படி என்று வருவோம், ஏனென்றால் அதிலும் ஒரு முறை இருக்கிறது. நோயாளியைத் தொடுவதற்கு முன் தெரிந்தே ஆக வேண்டியது ஒரு வகை: இந்த ஊசியை எவ்வளவு நீர்க்கவைத்துக் கொடுப்பது, இந்த டோஸ் அதிகமாகத் தெரிகிறதே, இவர் மூச்சுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வகைக் கேள்விக்கு நேரம் காலம் பார்க்கவே வேண்டாம், அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், கோபமாக இருந்தாலும் போய்க் கேளுங்கள். மற்றது பொறுக்கக்கூடியது: இந்த ஃபாரம் எங்கே போகும், இந்த டெஸ்டை ஏன் மறுபடி எழுதியிருக்கிறார்கள், இந்த மருந்தை ஏன் மாற்றினார்கள். இதையெல்லாம் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு எழுதிவிட்டு, வேலை தணிந்த நேரத்தில் மொத்தமாகக் கேளுங்கள். மூத்தவர்களுக்கு எரிச்சல் வருவது பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைவேலையை நிறுத்த வேண்டியிருப்பதால்தான். ஒருமுறை சொன்னதையே மறுநாளும் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும், நோட்டு அதற்கும் உதவும்.

இன்னொன்று, வெறும் கையோடு போய்க் கேட்காதீர்கள். "அக்கா, இந்த மாத்திரை குடுக்கலாமா?" என்று கேட்டால் யோசிக்கிற வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. "அக்கா, 6-ம் பெட் அம்மாவுக்கு டைகாக்சின் மாத்திரை இருக்கு. பல்ஸ் முழு நிமிஷம் எண்ணினேன், 52 வருது. நிறுத்தி வெச்சுட்டு டாக்டர்கிட்ட சொல்லலாம்னு நினைக்கிறேன், சரிதானா?" என்று கேட்டுப்பாருங்கள் (டைகாக்சின் பல்ஸைக் குறைக்கிற இதய மருந்து). அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதோடு உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் அவருக்குப் புரியும். அப்படிக் கேட்கிற பெண்ணை யாரும் நெடுநாள் விரட்ட மாட்டார்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அக்காக்களுக்குக் கை வேகம் என்று நினைக்கிறீர்கள். கவனித்துப் பாருங்கள், அவர்கள் நடையே குறைவு. ஒரு பெட்டுக்குப் போனால் பி.பி. பார்க்கும்போதே ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, டிரிப் சொன்ன வேகத்தில் ஓடுகிறதா, யூரின் பையில் எவ்வளவு இருக்கிறது, ஆக்சிஜன் எத்தனை லிட்டரில் இருக்கிறது என்று கண்ணை ஓட்டிவிட்டு, பேச்சுக்கொடுத்தபடியே ஆள் தெளிவாக இருக்கிறாரா என்றும் பார்த்துவிடுகிறார்கள். நீங்கள் இதே வேலைக்கு நான்கு தடவை நடக்கிறீர்கள். பழகிய படியில் ஏறுகிறவர் படியை எண்ணுவதில்லை. நீங்கள் இப்போது எண்ணித்தான் ஏற வேண்டும். அதனால் ஹேண்டிங் ஓவர் (முந்தைய ஷிப்ட் நோயாளிகளை ஒப்படைப்பது) முடிந்ததும் மருந்து டிராலியைத் தொடுவதற்கு முன்னால் உங்களுக்குக் கொடுத்த எல்லா நோயாளிகளையும் ஒரு சுற்று நேரில் பார்த்துவிடுங்கள். மேலே சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எது நேரத்துக்கு நடந்தே ஆக வேண்டும் என்று வட்டம் போடுங்கள்: சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலின், ஆன்டிபயாட்டிக், ஆபரேஷனுக்குப் போகிறவர், ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர். மற்றதெல்லாம் நடுவில் வந்துபோகும், கொஞ்சம் முன்பின் ஆனால் பரவாயில்லை. சார்ட்டை மட்டும் கடைசிக்குச் சேர்த்து வைக்காமல் செய்த உடனே எழுதுங்கள், ஷிப்ட் முடிவில் ஞாபகத்திலிருந்து எழுதுவதில் பிழையும் வரும், நேரமும் போகும்.

மூத்தவர்கள் உங்களிடம் உண்மையில் பார்ப்பது வேகத்தை இல்லை. ஹேண்டிங் ஓவரில் "சுகர் பார்த்தியா?" என்று கேட்டால், பார்க்காதபோது "பார்க்கலை அக்கா, இதோ போறேன்" என்று சொல்கிறீர்களா, இல்லை தோராயமாக ஒரு எண்ணைச் சொல்கிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். இவள் "கொடுத்துட்டேன்" என்று சொன்னால் கொடுத்திருப்பாள், "தெரியலை" என்றால் நிஜமாகவே தெரியாது என்ற நம்பிக்கை வந்துவிட்டால் உங்களை அவர்களில் ஒருத்தியாக எடுத்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரைக்கும் புதியவர்கள் வார்டில் இடம்பிடித்தது இப்படித்தான். சிரித்துப் பேசி, எடுபிடி செய்து பிடித்த இடம் அவ்வளவு நாள் நிற்பதில்லை.

"இதுகூடத் தெரியாதா?" என்று அடுத்த முறை கேட்டால், "தெரியாது அக்கா, இந்தத் தடவை காட்டுங்க, அடுத்த தடவை நான் செய்யும்போது பக்கத்துல நில்லுங்க" என்று சொல்லுங்கள். அதில் பணிவும் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியதும் கிடைக்கிறது. அவசர நேரத்தில் ஒருவர் குரலை உயர்த்துவதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நோயாளி முன்னால், மற்றவர்கள் முன்னால், திரும்பத் திரும்ப ஒருவர் உங்களை மட்டம் தட்டினால் அது வேறு விஷயம். முதலில் அவரிடமே தனியாக, அமைதியாகச் சொல்லுங்கள். மாறவில்லை என்றால் என்று நடந்தது, என்ன சொன்னார் என்று எழுதிவைத்து இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொண்டுபோங்கள். கூடவே, எனக்கென்று ஒரு மூத்தவரை சில வாரத்துக்குத் துணையாகப் போடுங்கள் என்றும் கேளுங்கள். இப்படித் துணை போடுவது பல ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகவே இருக்கிறது, புதியவர் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: நைட் டியூட்டியில் டாக்டருக்கு போன் செய்வதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "இதுக்கா எழுப்பினே?" என்று கத்திவிடுவாரோ என்று தள்ளிப்போடுகிறேன். ஒருமுறை போன் செய்துவிட்டு நடுவில் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

பதில்: போனை எடுப்பதற்கு முன் நோயாளியிடம் போய் நின்று நீங்களே பாருங்கள், அட்டெண்டர் சொன்னதை வைத்து போன் செய்ய வேண்டாம். பல்ஸ், பி.பி., டெம்பரேச்சர், ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை எல்லாம் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டும் டிரக் சார்ட்டும் கையில் இருக்கட்டும். எந்த மருந்துக்கு அலர்ஜி என்பதையும் பார்த்துவையுங்கள்.

பேசுவதற்கு எஸ்.பி.ஏ.ஆர். என்று ஒரு முறை இருக்கிறது, படிக்கும்போது கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய முறையை அந்த நாட்டின் கைசர் பர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். இப்போதைய நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு என்ன வேண்டும், இந்த நான்கும் இந்த வரிசையில். "டாக்டர், நான் மெடிக்கல் வார்டு நைட் டியூட்டி சிஸ்டர். 9-ம் பெட் பேஷண்டுக்கு மூச்சு வாங்குது, நிமிஷத்துக்கு 28, ஆக்சிஜன் 90, பல்ஸ் 118. நிமோனியான்னு முந்தாநாள் அட்மிட் ஆனவர், சாயந்திரம் மூச்சு 18-தான் இருந்தது. மோசமாகிட்டு வர்றார்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. பலரும் தடுமாறுவது கடைசி வரியில்தான். நிலைமையைச் சொல்லிவிட்டு அவரே புரிந்துகொண்டு வருவார் என்று காத்திருக்காதீர்கள். வர வேண்டும் என்றால் வர வேண்டும் என்று சொல்லுங்கள். தைரியம் வரும்வரைக்கும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படித்தாலும் தப்பில்லை.

மூச்சு எண்ணிக்கையை நான் இங்கே வேண்டுமென்றேதான் முதலில் வைத்தேன். வைட்டல்ஸில், அதாவது பல்ஸ், பி.பி. மாதிரியான அடிப்படை அளவுகளில், அவசரமாக எழுதப்படுவது அதுதான், எல்லா நோயாளிக்கும் ஒரே எண்ணாகவே சார்ட்டில் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒருவர் மோசமாகப் போகிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பதும் பல நேரம் அதுவே. லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில், 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் பூஜ்யம். 25-ஐத் தொட்டுவிட்டால் அந்த ஒன்றுக்கே அதிகபட்ச மதிப்பெண்ணான 3. எல்லாம் சேர்த்து 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசரநிலை. உங்கள் வார்டில் இந்த முறை இருந்தால் போனில் அந்த எண்ணையும் சொல்லுங்கள், கணக்குப் புரிந்த டாக்டர் அதற்கப்புறம் ஏன் எழுப்பினாய் என்று கேட்க மாட்டார்.

அவர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக்காட்டி, சரி என்று அவர் வாயால் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒரே மாதிரி கேட்கும், அதனால் "ஒன்று, ஐந்து" என்று எண்ணெண்ணாகச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், அவர் "காலைல பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அதோடு விடாதீர்கள். டியூட்டி சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், அடுத்த மேல்நிலை டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். யாருக்கு எத்தனை மணிக்கு போன் செய்தீர்கள், என்ன பதில் வந்தது என்பது நர்ஸஸ் நோட்ஸில் இருக்கட்டும்.

திட்டினால்? திட்டட்டும். அந்தத் திட்டு காலையில் மறந்துபோகும்.

கேள்வி: இன்சுலின் கொடுக்கும்போது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் வார்டு விதி. ஆனால் சீனியர் சிஸ்டர் கொடுத்துவிட்டு வந்து "இதுல ஒரு சைன் போடு" என்கிறார். மறுத்தால் என்னை நம்பவில்லையா என்று நினைப்பார். என்ன செய்வது?

பதில்: பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆனால் மறுப்பதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. "அக்கா, நான் பார்க்கலையே, அடுத்த டோஸுக்குக் கூப்பிடுங்க, கூடவே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த டோஸ் நேரத்துக்கு அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே போய் நில்லுங்கள். அவருக்கு வேலை குறைகிற மாதிரி செய்தால் நம்பிக்கைப் பிரச்சினையாக அது மாறாது. தேவைப்பட்டால் "எனக்கு இன்னும் கணக்கு பழகலை, சேர்ந்து பார்த்தா கத்துக்குவேன்" என்றும் சொல்லலாம், அதுவும் உண்மைதானே.

இன்சுலினுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், பிழை நடந்தால் நேரடியாக உயிரைத் தொடுகிற மருந்துகளில் அது ஒன்று. ஹெப்பாரின், மார்ஃபின் வகை மருந்துகள், அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு எல்லாம் அதே வரிசை. ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை இன்சுலின் குப்பியும் புழங்குகிற இடத்தில் சிரிஞ்சும் இரண்டு வகை இருக்கும். 100 யூனிட் குப்பியிலிருந்து 40-க்கான சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 25 யூனிட். மாற்றிச் செய்தால் 4 யூனிட்தான் போகும். சார்ட்டில் யூனிட் என்பதற்கு ஆங்கில யு எழுத்தை மட்டும் எழுதினால் அது பூஜ்யம் மாதிரி தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும், அதனால்தான் அந்த வார்த்தையை முழுசாக எழுதச் சொல்கிறார்கள். அதே காரணத்துக்காக 5 மி.கி. என்பதை 5.0 என்று எழுதக் கூடாது, புள்ளி கண்ணில் படவில்லை என்றால் 50.

இரண்டு பேர் பார்ப்பது என்றால் ஒருவர் இழுத்துக் காட்ட மற்றவர் தலையாட்டுவது இல்லை. இருவரும் தனித்தனியாக சார்ட்டைப் படித்து, தனித்தனியாகக் கணக்குப் போட்டு, அப்புறம் ஒப்பிட வேண்டும். முதல் ஆள் விடையைச் சொல்லிவிட்டால் இரண்டாவது ஆளின் கண்ணுக்கும் அதுவே தெரியும்.

கேள்வி: ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். ஒருவரின் பி.பி. மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, டிஸ்சார்ஜும் ஆகிவிட்டார். ஆனால் எனக்குத் தூக்கம் இல்லை. இனிமேல் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டும் அம்மா. இதைப் படித்ததும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் தனியாக நேரம் கேட்டு, எழுத்திலும் கொடுங்கள். அவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்பதற்காக விஷயம் முடிந்துவிடவில்லை, ஒரே பெயர்க்காரர்கள் உங்கள் வார்டுக்கு மறுபடி வருவார்கள், அடுத்து அந்த டிராலியைத் தள்ளுகிறவர் வேறு ஒருவராக இருப்பார். பழைய சார்ட்டில் மட்டும் இப்போது கையை வைத்துத் திருத்தாதீர்கள். பிழையை மன்னிக்கிற நிர்வாகம்கூட திருத்திய சார்ட்டை மன்னிக்காது, அது நியாயமும்கூட.

இனி இப்படி நடந்தால் (யாருக்கும் நடக்கலாம்) வரிசை இதுதான்: முதலில் நோயாளியைப் பாருங்கள், வைட்டல்ஸ் எடுங்கள், உடனே டாக்டரிடமும் பக்கத்தில் இருக்கிற மூத்தவரிடமும் சொல்லுங்கள். நோயாளியிடமும் சொல்லியாக வேண்டும், அதை டாக்டரும் இன்சார்ஜும் சேர்ந்து செய்வார்கள். ஆம்லோடிபின் மாதிரி ஒரு பி.பி. மாத்திரை உடலில் உச்சத்துக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். கொடுத்த ஒரு மணி நேரத்தில் பி.பி. நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாகிவிட்டால், அவர் இரவில் எழுந்து பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழலாம். தெரிந்திருந்தால் யாராவது கூட நின்றிருப்பார்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். "நீங்கதானே இன்னார்?" என்று கேட்காதீர்கள், காது மந்தமானவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "உங்க பேர் என்ன?" என்று கேட்டு அவர் சொல்லட்டும். அப்புறம் கையில் கட்டியிருக்கிற பட்டையில் உள்ள எண்ணை சார்ட்டோடு ஒப்பிடுங்கள். பெட் நம்பர் அடையாளம் இல்லை, பெட் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மருந்துப் பிழை என்பது ஓர் ஆளின் குணக்கேடு என்று உலகம் நினைத்த காலம் மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துப் பிழைகளால் வரும் கடுமையான பாதிப்பை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஒரு உலகளாவிய முயற்சியையே தொடங்கியது. ஒரு சிலரிடம் மட்டும் இருக்கிற குறைக்கு அப்படி ஒரு முயற்சி தேவைப்பட்டிருக்காது. ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க டாக்டர் 2000-ல், பிழை நடந்தால் முதல் பாதிப்பு நோயாளிக்கு, இரண்டாவதாகப் பாதிக்கப்படுவது அந்தப் பிழையைச் செய்த மருத்துவ ஊழியர் என்று எழுதினார். உங்கள் தூக்கம் போனதைத்தான் அவர் சொல்கிறார். சொன்ன பிறகும் தூக்கம் திரும்பவில்லை என்றால் மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் வார்டில் நான் ஒருவன்தான் ஆண் நர்ஸ். கனமான நோயாளியைத் தூக்கவும், ஆண்களுக்குக் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடவும் மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள். மற்ற வேலை கற்க வாய்ப்பே இல்லை.

பதில்: பொதுவாகக் குறை சொன்னால் "உதவி செய்ய மாட்டேங்கிறான்" என்று முடிந்துவிடும். அதனால் நீங்கள் இன்னும் செய்யாத வேலைகளை எழுதி இன்சார்ஜிடம் கொண்டுபோங்கள்: ரத்தம் ஏற்றுவது, சென்ட்ரல் லைன் டிரஸ்ஸிங், டிஸ்சார்ஜ் விளக்கம், எதுவோ அது. இந்த மாதத்துக்குள் இதையெல்லாம் ஒருவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தூக்குவதற்கும் தனியாகப் போகாதீர்கள், ஸ்லைடிங் ஷீட் இருந்தால் எடுங்கள், ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகு போனால் பலம் இருந்தது என்பதெல்லாம் உதவாது.

கேள்வி: நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது நர்சாகி. புதிதாக வருகிறவர்களைப் பற்றி எல்லாரும் பரிதாபப்படுகிறீர்கள். ஆள் பற்றாக்குறையில் என் வேலையையும் பார்த்து, அவர்கள் வேலையையும் சரிபார்த்து, சொல்லியும் கொடுக்க வேண்டும் என்றால் எங்கே போவது? எங்களையும் யாரும் தூக்கிவைத்து வளர்க்கவில்லை.

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியதில் பொய்யே இல்லை. சொல்லிக்கொடுப்பதும் ஒரு வேலை என்று எண்ணாமல், உங்கள் நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமலேயே புதியவரையும் உங்களிடம் ஒப்படைக்கிற நிர்வாகத்தின் மீதுதான் முதல் தப்பு. புதியவர் உங்களோடு இருக்கிற நாட்களில் உங்களுக்கு ஒரு பெட்டாவது குறைக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். மூத்தவர் கேட்டால் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம், புதுப்பெண் கேட்டால் யார் காதில் விழும்?

ஆனால் கடைசி வரியோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நர்சுகள் தங்கள் குஞ்சுகளையே தின்கிறார்கள் என்று ஜூடித் மைஸ்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1986-ல் எழுதியபோது அந்தத் தொழிலே அதிர்ந்தது, இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை. நம்மை அப்படி நடத்தினார்கள் என்பது நாமும் அதையே செய்வதற்குக் காரணமாகாது. இதில் மனம் நோகிறது என்பது மட்டும் இல்லை பிரச்சினை. 2015-ல் இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஒரு சோதனை வெளியானது. டாக்டர்களும் நர்சுகளும் பொம்மைக் குழந்தை ஒன்றுக்கு சிகிச்சை செய்ய வேண்டும். சில குழுக்களிடம் மட்டும், பார்வையிட வந்த நிபுணர் என்று சொல்லப்பட்டவர் இளக்காரமாகப் பேசினார். இத்தனைக்கும் அந்தக் குழுக்கள் செய்த சிகிச்சையைப் பற்றிக்கூட அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சையைச் செய்வதிலும் பின்தங்கின, ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்ததுதான் அதற்குக் காரணமாகத் தெரிந்தது. முதல் கடிதம் எழுதிய பெண்ணை நினைத்துப் பாருங்கள், அவரும் கேட்பதைக் குறைத்துவிட்டார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. செய்யும்போது வாய்விட்டுச் செய்யுங்கள். "இவர் உதடு கொஞ்சம் நீலமா இருக்கு, அதனால முதல்ல இங்கே வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்த்தால் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை, உங்கள் தலைக்குள் இருபது வருஷமாகச் சேர்ந்தது அப்படித்தான் வெளியே வரும். தப்பைத் திருத்துவதை நோயாளி முன்னால் செய்யாமல் இரண்டு அடி தள்ளிப்போய்ச் செய்யுங்கள். உடனே தடுத்தாக வேண்டியதை மட்டும் அங்கேயே தடுங்கள். போனையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணை நேராகக் கண்டியுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, நான் அதில் உங்கள் பக்கம்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தேனா, டிரிப்பை மூடினேனா என்று மனசு சுற்றிக்கொண்டே இருக்கிறது. வார்டுக்கு போன் செய்து கேட்டால் சிரிப்பார்களா?

பதில்: நிஜமாகவே விட்டுப்போயிருக்கலாம் என்று தோன்றினால் போன் செய்யுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் நோயாளி பெயரைப் போட்டுக் கேட்காதீர்கள், வார்டு நம்பருக்கே கூப்பிடுங்கள். தினமும் இப்படி ஆகிறதென்றால் கிளம்புவதற்கு முன்னால் டிரக் சார்ட்டில் உங்கள் நேரத்துக்கு உரிய கட்டங்களை மட்டும் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துவிடுங்கள். அடுத்த ஷிப்ட் சிஸ்டரோடு பெட் பெட்டாக நடந்தே ஹேண்டிங் ஓவர் கொடுங்கள், கவுண்டரில் உட்கார்ந்து கொடுக்கும்போதுதான் விட்டுப்போகும். போன் செய்கிற நாளில் பெட் நம்பரோடு நோயாளி பெயர், மருந்து, நேரம் எல்லாவற்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், எடுக்கிற அக்காவுக்கு அந்த நேரம் கையில் வேறு வேலை இருக்கும்.